அம்மாவுக்கு எடுத்த ஆட்டோனமிக் டெஸ்ட்டும் நான் வாங்குன செஸ்ட் ஸ்ட்ராப்பும்: ஆறு மாசம் கழிச்சு ஒரு ரிவ்யூ

எங்க அம்மாவுக்கு 66 வயசு, சுகர் வந்து 19 வருஷம். ஒரு வருஷமாவே காலையில கோலம் போட்டுட்டு எந்திரிக்கும்போது கண்ணு இருட்டிக்கிட்டு வருதுன்னு சொல்லிட்டே இருந்தாங்க, நாங்களும் தூக்கம் பத்தல, ரத்தம் கம்மியா இருக்கும், பேரீச்சம்பழம் சாப்பிடுங்கன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லி விட்டுட்டோம். போன மார்கழில பெரிய புள்ளிக்கோலமா போட்டு முடிச்சு எந்திரிச்சவங்க கேட்டைப் பிடிச்சிக்கிட்டே சரிஞ்சு விழுந்துட்டாங்க, நெத்தியில அடி. இதுல முட்டி ஆபரேஷனுக்கு வேற நாள் குறிச்சிருந்தோம். சுகர் டாக்டர்கிட்ட போனா அவரு கேட்ட முதல் கேள்வியே "படுக்க வெச்சு ஒரு தடவ, நிக்க வெச்சு ஒரு தடவ பிரஷர் பாத்திருக்கீங்களா"ங்கிறதுதான். இந்த 19 வருஷத்துல எங்கயுமே பாத்ததில்ல, எப்பவும் ஸ்டூல்ல உக்கார வெச்சு கையில பட்டையைச் சுத்தி ஒரு நம்பர் எழுதிக் குடுப்பாங்க, அவ்வளவுதான். அவரு எழுதிக் குடுத்ததுதான் இந்த ஆட்டோனமிக் ஃபங்ஷன் டெஸ்ட், அதாவது துடிப்பு, பிரஷரையெல்லாம் நாம நெனைக்காமலே கட்டுப்படுத்துற நரம்புங்க ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாக்குறது, கூடவே ஹெச்ஆர்வி அனாலிசிஸ். நெட்ல தேடுனா இதப் பத்தி தமிழ்ல உருப்படியா ஒண்ணும் கிடைக்கல, அதான் நானே எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும்.

முதல்ல ஹெச்ஆர்வின்னா (ஹார்ட் ரேட் வேரியபிலிட்டி, துடிப்பு இடைவெளியில வர்ற மாத்தம்) என்னன்னு சுருக்கமா. நிமிஷத்துக்கு 60 துடிப்புன்னா சரியா 1000 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவ துடிக்குதுன்னு நெனைப்போம், அப்படி இல்ல, ஒண்ணு 960, அடுத்தது 1040, அடுத்தது 985ன்னு மாறிக்கிட்டே இருக்கும், ஆரோக்கியமான இதயத்துக்கு அந்த மாத்தம் இருந்தே ஆகணும். இதயத்துக்குள்ள துடிப்ப ஆரம்பிச்சு வெக்கிற சைனஸ் நோடை நரம்பு எதுவும் தொடாம தனியா விட்டா நிமிஷத்துக்கு 100 வாக்குல அடிக்கும். நாம சும்மா உக்காந்திருக்கும்போது 70ல இருக்குன்னா வேகஸ் நரம்பு பிரேக்குல கால வெச்சிருக்குன்னு அர்த்தம். அந்த பிரேக் ஒரு செகண்டுக்குள்ள வேலை செய்யும், துடிப்ப வேகப்படுத்துற சிம்பதெடிக் நரம்புங்க பக்கம் இருக்கிற ஆக்சிலரேட்டர் வேகம் எடுக்க பல செகண்ட் ஆகும். அதனால மூச்சோட சேந்து சட்டு சட்டுன்னு ஏறி இறங்குற மாத்தம் பூரா வேகஸோட கைவேலை. மூச்சு இழுத்தா துடிப்பு ஏறும், விட்டா இறங்கும், 1847லயே கார்ல் லுட்விக் இத பதிஞ்சு காட்டிட்டாரு. சுகர் நீளமான நரம்புகளத்தான் முதல்ல தின்னும், பாதம் மரத்துப்போறது அதனாலதான், வேகஸும் மூளையில இருந்து வயிறு வரைக்கும் போற நீள நரம்பு, அதனால அதுவும் சீக்கிரமே அடி வாங்குது. இதயம் மாத்து ஆபரேஷன் பண்ணவங்களுக்கு புது இதயத்துல நரம்பு எதுவும் ஒட்டி இருக்காது, அவங்களுக்கு சும்மா உக்காந்திருந்தாலே 90, 100னு அடிக்கும். எங்க அம்மாவுக்கு பல வருஷமா 94, 96னுதான் இருக்கு. "அம்மாவுக்கு எப்பவும் கொஞ்சம் வேகம்தான்"னு நாங்க சாதாரணமா சொல்லிட்டு இருந்தோம், அத நெனச்சா இப்பவும் மனசு கஷ்டமா இருக்கு.

இப்ப லேப் விஷயம். மதுரையில ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரி நியூரோ டிபார்ட்மென்ட், பேர் வேண்டாம். 1800 ரூபா ஆச்சு. ஃபோன்லயே சொல்லிட்டாங்க, காலையில காபி டீ கூடாது, வயிறு முட்ட சாப்பிட்டுட்டு வரக்கூடாது, பிரஷர் மாத்திரை போடலாமா வேண்டாமான்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்கன்னு. இத இவ்வளவு தெளிவா சொன்னதுக்கே ஒரு பாராட்டு, ஏன்னா பீட்டா பிளாக்கர் (துடிப்பக் கொறைக்கிற பிரஷர் மாத்திரை) போட்டுட்டுப் போய் படுத்தா துடிப்பு சம்பந்தப்பட்ட எல்லா நம்பரும் வேற மாதிரி வரும். ஆனா போனதுக்கப்புறம் 2 மணி நேரம் காத்திருக்க வெச்சாங்க, 66 வயசுல வெறும் வயித்தோட சுகர் பேஷன்ட்ட அப்படி உக்கார வெக்கிறது ரொம்ப தப்பு, நான் ரிசப்ஷன்ல போய் சொல்லி அம்மாவுக்கு ரெண்டு இட்லி வாங்கிக் குடுத்தேன்.

உள்ள இருந்த டெக்னீஷியன் பொண்ணு தங்கம். முப்பது வயசுக்குள்ளதான் இருக்கும். ஏசிய கொறச்சு வெச்சு, அம்மாவ படுக்க வெச்சு, 15 நிமிஷம் பேசாம ரெஸ்ட் எடுக்க விட்டு, அதுக்கப்புறம்தான் 5 நிமிஷம் ஈசிஜி ரெக்கார்டிங் ஆரம்பிச்சாங்க. 5 நிமிஷம்ங்கிறது 1996ல ஐரோப்பிய இதய மருத்துவ சங்கமும் வட அமெரிக்க பேஸிங் சங்கமும் சேந்து போட்ட வழிமுறையில வந்த கணக்கு, இன்னிக்கு வரைக்கும் ஷார்ட் டேர்ம்னா அந்த 5 நிமிஷம்தான். நானும் நாலு வருஷமா சுகருக்கு மாத்திரை போடுறவதான், டாக்டர் எனக்கும் எழுதிக் குடுத்திருந்தாரு, அதனால அம்மாவுக்கு அப்புறம் நானும் படுத்தேன். ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துல ரிசல்ட் கிடைச்சதாலதான் எனக்கு இந்த டெஸ்ட்டே புரிஞ்சுது.

மூச்சு டெஸ்ட்தான் என்னால மறக்கவே முடியாது. 5 செகண்ட் இழுக்கணும், 5 செகண்ட் விடணும், நிமிஷத்துக்கு 6 மூச்சு. அந்தப் பொண்ணு கைய மேல தூக்கி இறக்கிக் காட்டிக்கிட்டே "இழுங்கம்மா... இழுங்க... இழுங்க... இப்ப மெதுவா விடுங்கம்மா"ன்னு பாட்டு மாதிரி சொல்லுது, அம்மாவும் நெஞ்சு நல்லா விரிய இழுத்து விடுறாங்க, கொறையே சொல்ல முடியாது. ஸ்க்ரீன்ல மூச்சோட கோடு அழகா மேடு பள்ளமா போகுது. அதுக்குக் கீழ துடிப்போட கோடு ஸ்கேல் வெச்சு கிழிச்ச மாதிரி நேரா போகுது. 94, 97, 94, 96, 93. இழுக்கும்போது ஏறுற துடிப்புக்கும் விடும்போது இறங்குற துடிப்புக்கும் உள்ள வித்தியாசம் எல்லா மூச்சுக்கும் சராசரியா 3. எனக்கு எடுத்தப்போ அதே ஸ்க்ரீன்ல ரெண்டு கோடும் ஒண்ணுக்கொண்ணு கை கோத்த மாதிரி சேந்து ஏறி சேந்து இறங்குச்சு, வித்தியாசம் 19. இந்த டெஸ்ட்ட சுகர்காரங்களுக்குன்னு முறையா தொகுத்தது எடின்பரோவுல இருந்த ஈவிங்கும் கிளார்க்கும், 1982ல வந்துச்சு, அவங்க கணக்குப்படி 15க்கு மேல இருந்தா நார்மல், 10ம் அதுக்குக் கீழயும் இருந்தா கோளாறு. வயசு ஆக ஆக தானாவே கொறையும், அதுக்கு இடம் குடுத்துப் பாத்தாலும் 3ங்கிறது ரொம்பக் கம்மி. அம்மா என்னப் பாத்து "என்னடி, சரியாத்தான இழுக்குறேன்"னாங்க. எனக்கு என்ன பதில் சொல்றதுன்னே தெரியல.

அடுத்து வால்சால்வா, 40 மில்லிமீட்டர் அழுத்தத்துல 15 செகண்ட் குழாய்ல ஊதிப் பிடிக்கணும். அந்தப் பொண்ணு குழாய கையில எடுக்குறதுக்கு முன்னாடியே "கண்ணுல லேசர் வெச்சிருக்கீங்களாம்மா"ன்னு கேட்டுச்சு. ஆமா, ரெண்டு வருஷம் முன்னாடி ரெட்டினாவுக்கு வெச்சோம்னதும் "அப்ப இது வேண்டாம்மா, முக்குனா கண்ணுக்குள்ள ரத்தக்கசிவு ஆக வாய்ப்பிருக்கு"ன்னு அந்த டெஸ்ட்டயே விட்டுட்டாங்க. இந்த ஒரு கேள்விக்காகவே நான் அந்த லேப்புக்கு முழு மார்க் குடுப்பேன். நீங்க எங்க போனாலும் சுகர் ரெட்டினோபதி இருந்தா அவங்க கேக்கலன்னாலும் நீங்களா சொல்லிடுங்க. கைப்பிடி டெஸ்ட் ஒண்ணு இருக்கு, முழு பலத்துல 30 சதவீதத்துக்கு 5 நிமிஷம் அழுத்திப் பிடிச்சா கீழ் பிரஷர் 16 ஆவது ஏறணும், அம்மாவுக்கு விரல் வலியில பாதியிலயே நிறுத்திட்டாங்க.

கடைசியா எந்திரிச்சு நிக்கிறது. மேல் பிரஷர் படுத்திருக்கும்போது 152, நின்னு 3வது நிமிஷம் 120. 32 எறங்கிருச்சு. 20 எறங்குனாலே ஆர்த்தோஸ்டாடிக் ஹைப்போடென்ஷன், அதாவது எந்திரிச்சு நின்னா பிரஷர் எறங்குற கோளாறுன்னு சொல்வாங்க, ஈவிங் கணக்குல 30. ஆனா அந்தப் பொண்ணு காட்டுனது இன்னொண்ணு. பிரஷர் இவ்வளவு எறங்கும்போது துடிப்பு தபதபன்னு ஏறி ஈடு குடுக்கணும், அம்மாவுக்கு 94ல இருந்து 97, வெறும் 3தான். பிரஷர் ஒரு மில்லிமீட்டர் எறங்குனா அரை துடிப்பாவது ஏறணும்னு ஒரு கணக்கு வெச்சிருக்காங்க, அப்படிப் பாத்தா 16 ஏறியிருக்கணும். ஏறலன்னா உடம்புல தண்ணி கம்மி, ரத்தம் கம்மிங்கிறதெல்லாம் தாண்டி நரம்பே பதில் சொல்லலன்னு சந்தேகப்படணும். ஒரு வருஷமா பேரீச்சம்பழம் குடுத்துட்டு இருந்தோம்.

இப்ப ரிப்போர்ட், இதுலதான் எனக்கு பெரிய கொறை. எல்லா நம்பரும் ஒரு பக்கத்துல அடிச்சுக் குடுத்தாங்க, கடைசியில சாஃப்ட்வேரே ஒரு வரி போட்டிருந்துச்சு, எல்எஃப் ஹெச்எஃப் ரேஷியோ 1.27, சிம்பதோவேகல் பேலன்ஸ் நார்மல்னு. எல்எஃப்னா துடிப்பு மாத்தத்துல மெதுவா வர்ற அலையோட அளவு, ஹெச்எஃப்னா வேகமா வர்ற அலையோட அளவு, சிம்பதோவேகல் பேலன்ஸ்னா அந்த ஆக்சிலரேட்டருக்கும் பிரேக்குக்கும் நடுவுல உள்ள சமநிலை. அதப் பாத்துட்டு எங்க வீட்ல ஒருத்தர் "அதான் நார்மல்னு போட்டிருக்கே"ன்னு சொல்லிட்டாரு. என் ரிப்போர்ட்ட எடுத்துப் பாத்தா எனக்கும் 1.27. எனக்கு எல்எஃப் 520, ஹெச்எஃப் 410. அம்மாவுக்கு எல்எஃப் 14, ஹெச்எஃப் 11. வகுத்தா ரெண்டும் ஒண்ணுதான். ஒரு வீட்ல வரவு 52000 செலவு 41000, இன்னொரு வீட்ல வரவு 1400 செலவு 1100, ரெண்டு வீடும் ஒரே நெலமையில இருக்குன்னு சொன்னா எப்படி இருக்கும், அதுதான் இது. எல்எஃப்னா 0.04ல இருந்து 0.15 ஹெர்ட்ஸ் வரைக்கும், ஹெச்எஃப்னா 0.15ல இருந்து 0.4 வரைக்கும், ஹெச்எஃப் வேகஸைக் காட்டுதுங்கிறத பெரும்பாலும் ஒத்துக்கிறாங்க, ஆனா எல்எஃப்னா சிம்பதெடிக், ரெண்டையும் வகுத்தா பேலன்ஸ்ங்கிறது பல வருஷமா ஆராய்ச்சியாளர்களே கேள்வி கேக்குற விஷயம், எல்எஃப்ல வேகஸும் கலந்திருக்கு, பிரஷரக் கட்டுப்படுத்துற பேரோரிஃப்ளெக்ஸும் கலந்திருக்கு. தயவு செஞ்சு ரேஷியோவ மட்டும் பாக்காதீங்க. அடுத்தடுத்த துடிப்பு இடைவெளி எவ்வளவு மாறுதுன்னு காட்டுற ஆர்எம்எஸ்எஸ்டி அம்மாவுக்கு 4 மில்லிசெகண்ட், எனக்கு 28. அந்த ஒரு வரியே போதும்.

ஆர்எம்எஸ்எஸ்டி என்னன்னு கேட்டா பயப்பட ஒண்ணுமில்ல, கையாலயே போடலாம். அடுத்தடுத்த துடிப்பு இடைவெளி 812, 845, 798, 860னு வெச்சுக்கோங்க. பக்கத்துப் பக்கத்து வித்தியாசம் 33, 47, 62. ஒவ்வொண்ணையும் அதாலயே பெருக்கி கூட்டுனா 7142, மூணால வகுத்து வர்க்கமூலம் எடுத்தா 49 கிட்ட வரும். அவ்வளவுதான் கணக்கு, மெஷின் இதையே 5 நிமிஷத்துல வர்ற 350 சொச்சம் துடிப்புக்கும் பண்ணுது. எஸ்டிஎன்என்ங்கிறது மொத்த இடைவெளிகளோட ஸ்டாண்டர்ட் டீவியேஷன். என் எஸ்டிஎன்என் 38னு பாத்துட்டு, நெட்ல 50க்குக் கீழ இருந்தா ஆபத்துன்னு படிச்சிட்டு ஒரு ராத்திரி பூரா தூங்கல. அது 1987ல வெளிவந்த ஆய்வுல, மாரடைப்பு வந்த 808 பேருக்கு 24 மணி நேரம் ஹோல்டர் (உடம்புலயே மாட்டி விடுற ஈசிஜி மெஷின்) மாட்டி எடுத்த கணக்கு, 5 நிமிஷ ரெக்கார்டிங்குக்கு அந்த 50 பொருந்தவே பொருந்தாது. யாராவது உங்க ரிப்போர்ட்ட வெச்சு அப்படி பயமுறுத்துனா எத்தன நேரம் எடுத்ததுன்னு முதல்ல கேளுங்க.

அதுக்கப்புறம்தான் எனக்குன்னு செஸ்ட் ஸ்ட்ராப், அதாவது நெஞ்சுல கட்டி துடிப்பு பாக்குற பட்டை வாங்குனேன், போலார் ஹெச்10, பின்லாந்து கம்பெனி, நான் வாங்குனப்போ ஒன்பதாயிரத்து சொச்சம். ஆறு மாசமா யூஸ் பண்றேன், எனக்கு முழு திருப்தி. இதுவும் நெஞ்சுல இருந்து ஈசிஜி சிக்னலத்தான் எடுக்குது, ஒரு மில்லிசெகண்ட் அளவுக்கு நுணுக்கமா இடைவெளி குடுக்குது, பட்டன் பேட்டரி சிஆர்2025, கடையில ஈசியா கிடைக்கும். மார்புக்குக் கீழ பட்டையை இறுக்கமா கட்டணும், எலக்ட்ரோட் பக்கத்தை தண்ணியில நனைச்சிட்டுத்தான் போடணும், காஞ்சு போய் போட்டா நடுநடுவுல துடிப்பு விட்டுப்போகும். நான் காலையில பாத்ரூம் போயிட்டு வந்து, காபிக்கு முன்னாடி, கட்டில்ல சாஞ்சு 5 நிமிஷம் எடுப்பேன், அப்புறம் எந்திரிச்சு நின்னு 3 நிமிஷம். ஃபோன்ல இடைவெளிய டெக்ஸ்ட் ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ண விடுற ஆப்பா பாத்து வெச்சுக்கோங்க, அத கூபியோஸ் சாஃப்ட்வேர்ல போட்டுப் பாக்கலாம், அதுவும் பின்லாந்துதான், இலவச வெர்ஷனே எனக்குப் போதுது. ஒரு நாள் நம்பர வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, எனக்கே ஆர்எம்எஸ்எஸ்டி ஒரு நாள் 22, மறுநாள் 35னு வரும், ராத்திரி கல்யாண சாப்பாடு சாப்பிட்டு லேட்டா படுத்தா எறங்கும், சளி காய்ச்சல் வந்தப்போ 14 வரைக்கும் போச்சு. வாரத்தோட சராசரிய மட்டும் நோட்ல எழுதி வெக்கிறேன். இன்னொருத்தர் நம்பரோட ஒப்பிடவே ஒப்பிடாதீங்க, ஆளுக்கு ஆள், வயசுக்கு வயசு மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

வாட்ச்? என்கிட்ட ஒண்ணு இருந்துச்சு, பேர் சொல்ல விரும்பல. அது மணிக்கட்டுல பச்சை வெளிச்சம் அடிச்சு ரத்தம் வந்து போறதப் பாத்து கணக்கு போடுது, ராத்திரி அசையாம தூங்கும்போது ஓரளவு சரியா வரும், பகல்ல கைய ஆட்டுனா இடைவெளி குளறுபடி ஆயிடும். அத ஒரு நாள் சும்மா அம்மா கையில கட்டிப் பாத்தேன், ஸ்ட்ரெஸ் கம்மி, ரிலாக்ஸ்டா இருக்கீங்கன்னு காட்டுச்சு. லேப்ல நேர்கோடா போன அதே அம்மாவுக்கு.

அதை விட மோசம் பெரியப்பா விஷயம். அவருக்கு ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன், அதாவது துடிப்பு தாளமே இல்லாம தாறுமாறா வர்ற கோளாறு, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறாரு. என் ஸ்ட்ராப்ப வாங்கி ஒரு ஆப்ல ஹெச்ஆர்வி எடுத்துப் பாத்துட்டு "பாப்பா, 118 வந்திருக்கு, பச்சை காட்டுது, உன்னோடத விட நாலு மடங்குல, நெஞ்சு நல்லாருக்குன்னுதான அர்த்தம்"னு அவ்வளவு சந்தோஷமா கேட்டாரு. அந்தத் தாறுமாறுதான் பெரியப்பா அப்படிப் பெரிய நம்பரா தெரியுதுன்னு உக்கார வெச்சு சொன்னேன், மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்கன்னு ரெண்டு தடவ சொன்னேன். ஸ்ட்ராப் மேல தப்பே இல்ல, அது இடைவெளிய சரியாத்தான் எடுத்துச்சு, அத வெச்சு பச்சை லைட் போட்ட ஆப்தான் தாளத்தையே பாக்கல. ஹெச்ஆர்வி கணக்குக்கு சைனஸ் நோடுல இருந்து வர்ற ஒழுங்கான துடிப்பு வேணும். ஏஎஃப் இருக்கிறவங்க, பேஸ்மேக்கர் வெச்சவங்க இந்த ஸ்கோரப் பாக்கவே வேண்டாம். நடுவுல ஒரே ஒரு எக்டோபிக் துடிப்பு (வேற எடத்துல இருந்து முந்திக்கிட்டு வர்ற துடிப்பு) வந்தாக்கூட, 800, 800னு போற இடத்துல 520, 1080னு வந்து விழும், அந்த ஒண்ணே மொத்த ரெக்கார்டிங்கையும் கெடுத்துடும், அதத் தேடி சரி பண்ணிட்டுத்தான் நம்பரப் பாக்கணும்.

அப்ப ஸ்ட்ராப் இருந்தா லேப் தேவையில்லையான்னு என் ஃப்ரெண்டு ஒருத்தி கேட்டா. தேவைதான்டி. ஸ்ட்ராப் என்ன பண்ணாலும் பிரஷர் பாக்காது, அம்மாவுக்கு விஷயமே பிரஷர்லதான் தெரிஞ்சுது. என்ன மாதிரி ஏற்கனவே ஒரு தடவ லேப்ல பாத்து, வருஷா வருஷம் எப்படிப் போகுதுன்னு கவனிக்கிறவங்களுக்கு ஸ்ட்ராப் நல்ல துணை. டைப் 2 சுகர்னா கண்டுபிடிச்ச நாள்ல இருந்தே, டைப் 1னா 5 வருஷத்துல இருந்து இந்த நரம்பு பாதிப்பப் பத்தி வருஷா வருஷம் விசாரிக்கணும்னு அமெரிக்க டயாபடிஸ் அசோசியேஷனோட வழிகாட்டுதல்லயே இருக்கு. லேப் இல்லாத ஊர்னாலும் பிரஷர் மெஷின் இல்லாத கிளினிக் கிடையாது, படுக்க வெச்சு, நிக்க வெச்சு பாருங்கன்னு வாய விட்டுக் கேளுங்க.

ரிப்போர்ட்டப் பாத்துட்டு டாக்டர் அம்மாவோட பிரஷர் மாத்திரை நேரத்த மாத்துனாரு, கட்டிலோட தலைமாட்ட உயரமா வெக்கச் சொன்னாரு, எந்திரிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு கொஞ்ச நேரம் கட்டில் ஓரத்துல உக்காரச் சொன்னாரு. இந்தப் பாதிப்பு இருக்கிறவங்களுக்கு மாரடைப்பு வந்தாக்கூட வலி தெரியாம போகலாம், அதனால திடீர்னு மூச்சு வாங்குனா, காரணமில்லாம வேர்த்தா உடனே வாங்கன்னும் சொன்னாரு. முட்டி ஆபரேஷன தள்ளி வெச்சு மயக்க மருந்து டாக்டர்கிட்ட இந்த ரிப்போர்ட்ட முதல்லயே காட்டுனோம், மயக்கத்துல பிரஷர் தடாலுன்னு எறங்க வாய்ப்பிருக்கிறதால அவரு அதுக்குத் தயாரா வந்தாரு, ஆபரேஷன் பங்குனி கடைசியில நல்லபடியா முடிஞ்சுது. கோலம் இப்ப அம்மா வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்து சொல்லச் சொல்ல நான் போடுறேன், புள்ளி வரிசை கோணலாத்தான் வருது, அதுக்கு தினமும் திட்டு.

டெஸ்ட்டுக்குப் போறவங்களுக்கு ஒண்ணு ரெண்டு. பொம்பளைங்க முன்னாடி திறக்கிற மாதிரி லூசான டிரஸ்ஸா போட்டுட்டுப் போங்க, எலக்ட்ரோட் ஒட்ட வசதியா இருக்கும். காலை முதல் ஸ்லாட்டா கேட்டு வாங்குங்க, கையில பிஸ்கட் வெச்சுக்கோங்க. ரிப்போர்ட் பேப்பரோட அந்த மூச்சு டெஸ்ட் கிராஃபையும் பிரின்ட் எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க, எங்களுக்கு கேட்டதும் குடுத்தாங்க, தனியா காசு வாங்கல. அம்மாவோடதும் என்னோடதும் ரெண்டு பிரின்ட்டும் ஒரே ஃபைல்லதான் வெச்சிருக்கேன், அடுத்த தை மாசம் திரும்ப எடுக்கப் போகும்போது கையோட கொண்டு போகணும்.